காய்ச்சும் அறை

கனடாவில் நான் படம் கீறி நிலத்தில் எழும்பிய முதல் கட்டடம் ஒரு வைன் ஆலை. அதைக் கீறத் தொடங்கிய நாள்வரை நான் ஒரு மிடறு வைன் குடித்ததில்லை. நீந்தத் தெரியாதவளிடம் கிணறு வெட்டக் கொடுத்த கதை என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் அரைவாசியைத் தள்ளுபடி செய்துதான் கேட்பேன். ஆனால் இதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரொறன்ரோவில் கட்டட வேலை படுத்துவிட்டது. பாதியில் நின்ற கட்டடங்கள் பிளாஸ்ரிக் போர்வையைப் போர்த்துக்கொண்டு நின்றன. நான் வேலை செய்த சின்ன அலுவலகத்தில் ஒன்பது பேர் இருந்தோம், பிறகு மூன்று பேராகிவிட்டோம்: முதலாளி, ரெலிபோன் எடுக்கும் பெண், நான். என்னை ஏன் வைத்திருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலிவானவள், வாய் திறக்காமல் கீறுகிறவள் என்பதுதான் காரணமாக இருக்கும்.

கொழும்பில் நான் கட்டடக் கலைஞர். படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் இங்கே செல்லாக்காசு. அதனால் இங்கே நான் படம் கீறுகிறவள், அவ்வளவுதான். வேறு யாரோ யோசித்த கட்டடங்களுக்குக் கழிவறை, தீப்படிக்கட்டு, கார் நிறுத்தும் கோடு இவற்றையெல்லாம் ஐந்து வருடமாகக் கீறினேன். ரொறன்ரோவில் எத்தனையோ பேர் நான் கீறிய கழிவறைகளில் நிம்மதியாக உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். இதை ஒரு கலியாண வீட்டில் சொல்லிப் பெருமைப்பட முடியுமா? நான் யோசித்து, நான் கீறிய ஒரு முழுக் கட்டடம் எங்காவது ஒரு நிலத்தில் நிற்கவேண்டும். அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. சொன்னால் பகிடி பண்ணுவார்.

அந்த நேரம் முதலாளிக்கு ஒரு கண்ணில் ஒப்பரேசன். மற்றக் கண்ணால் சின்ன எழுத்து வாசிக்க முடியாது. கையிலிருந்தது ஒரே ஒரு புது வேலை, நயாகராப் பக்கத்தில் ஒரு வைன் ஆலை. இதை நீயே கீறு என்று என் மேசையில் போட்டுவிட்டார். வேலை கொடுத்தவருக்குப் பிடித்தால் அலுவலகம் இருக்கும், நீயும் இருப்பாய், பிடிக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நான் மீன் பிடிக்கப் போவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் போக ஒரு ஏரி இருந்தது. எனக்கு இருந்தது எங்கள் மாடிக் கட்டடத்தின் அடியிலிருந்த டோனட் கடை. வந்த புதிதில் அங்கே ஒன்றரை வருடம் கோப்பி ஊற்றியிருக்கிறேன். அந்தத் தொப்பியைத் திரும்பவும் தலையில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

வேலை கொடுத்தவர் இத்தாலியிலிருந்து வந்த தோட்டக்காரர். வருடக்கணக்காகத் திராட்சை வளர்த்துப் பெரிய ஆலைகளுக்கு விற்று வந்தவர், இனித் தானே வைன் செய்யப்போவதாக இறங்கியிருந்தார். அவர் கேட்டது சுருக்கம். கோட்டை வேண்டாம், கோபுரம் வேண்டாம், சுற்றுலாக்காரருக்குக் காட்டும் கண்ணாடி மாளிகை வேண்டாம். வேலை செய்கிற கட்டடம் வேண்டும், அதுவும் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்காத கட்டடமாக இருக்கவேண்டும். தேவையான அறைகளை ஒரு தாளில் பென்சிலால் எழுதியனுப்பியிருந்தார். திராட்சை வந்திறங்கும் இடம், பிழியும் இடம், தாங்கிகள் நிற்கும் இடம், மரப்பீப்பாய்க்கு ஒரு நிலவறை, போத்தலில் அடைக்கும் கூடம், ஒரு சின்ன அலுவலகம்.

அந்தப் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று குறைந்தது. வைனைக் காய்ச்ச இடமில்லை.

இதில் என் பிழை பாதி, தமிழின் பிழை பாதி. எங்கள் பாஷையில் குடிவகை என்றால் காய்ச்சுவதுதானே. சாராயம் காய்ச்சுகிறார்கள், கசிப்புக் காய்ச்சுகிறார்கள், காய்ச்சியவர் பிடிபட்டார் என்று பத்திரிகையில் வருகிறது. நான் படித்த கொன்வென்டில் வைனைத் திராட்சை இரசம் என்று சொல்லித் தந்தார்கள். இரசமும் அடுப்பில் வைப்பதுதான். ஆகவே திராட்சையைப் பிழிந்து, பெரிய கிடாரத்தில் ஊற்றி, அடியில் நெருப்பு மூட்டாமல் வைன் எப்படி வரும்? பாவம், மனிதர் அவசரத்தில் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்ததைச் சுட்டிக்காட்டி அவரை வெட்கப்படுத்தாமல் நானே அந்த அறையைச் சேர்த்துவிட்டேன். வந்த இடத்தில் நல்ல பெயர் எடுக்கவேண்டும் அல்லவா.

சும்மா சேர்க்கவில்லை, கட்டடத்தின் நடுவில் ராசா மாதிரி இருத்தினேன். நெருப்புத் தாங்கும் சுவர், உயர்ந்த புகைபோக்கி, விறகுக்கோ எண்ணெய்க்கோ பக்கத்தில் ஒரு களஞ்சியம். அதோடு நிற்கவில்லை. காய்ச்சும்போது வீணாகும் சூட்டைக் குழாய்களில் பிடித்து, நிலத்துக்கு அடியால் கொண்டுபோய், பனிக்காலத்தில் அலுவலகத்தையும் போத்தல் கூடத்தையும் சூடாக்குவதாகக் கீறினேன். ஒரு அடுப்பில் இரண்டு வேலை. மின்சாரம் குடிக்காத கட்டடம் கேட்டாரே, இந்தா பிடி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த அறையின் நடுவில் என் கையாலேயே, அழகான பெரிய ஆங்கில எழுத்தில் பொயிலிங், அதாவது காய்ச்சுதல், என்று எழுதினேன்.

முதலாளி பூதக்கண்ணாடியைத் தாள்மேல் வைத்து ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார். சூட்டைத் திரும்பப் பிடிக்கும் யோசனை நல்லது என்று என் தோளில் தட்டினார். அவர் ஸ்கொட்லாந்துக்காரர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

டிசம்பர் முதல் கிழமை, தோட்டக்காரரின் வீட்டுக் குசினி மேசையில் படத்தை விரித்தோம். அவர் வாசிக்கவில்லை, விரலால் நடந்தார். திராட்சை வண்டி வரும் பாதையில் தொடங்கி, பிழியும் இடத்துக்குப் போய், அங்கேயிருந்து திரும்பியபோது விரல் நின்றது. இது என்ன அறை என்று கேட்டார். கொதிக்க வைக்கும் அறை என்றேன். எதைக் கொதிக்க வைக்க என்று கேட்டார். வைனை என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதலாளி தன் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டார். தோட்டக்காரர் கோபிக்கவில்லை. படத்தைப் பக்குவமாகச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, என்னிடம் தராமல் முதலாளியிடம் கொடுத்தார். நல்ல கட்டடம்தான், சூப் செய்கிறவன் யாராவது கிடைத்தால் விற்றுவிடுங்கள் என்றார். வசந்தத்தில் அத்திவாரம் வெட்டாவிட்டால் அந்த வருட அறுவடை தவறிவிடும், அதனால் இரண்டு கிழமை, பதினாலு நாள், தருகிறேன், அதற்குமேல் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஹமில்டன் பாலத்தில் கார் ஏறியபோது முதலாளி வாய் திறந்தார். எங்கள் ஊரில் காய்ச்சுவார்கள் என்றார். எங்கள் ஊரிலும் காய்ச்சுவார்கள் என்றேன். விஸ்கி நாட்டிலிருந்து ஒருவர், சாராய நாட்டிலிருந்து ஒருத்தி. இரண்டு காய்ச்சும் சாதியும் சேர்ந்து ஒரு பிழியும் சாதியிடம் போய் அடிவாங்கியிருந்தோம். அவர் என்னைத் திட்ட முடியாது. நானும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டினால் அவருக்கு மீன் இருக்கிறது.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தோம். கணவர் கார்ப்பாகம் செய்யும் பக்டரியிலிருந்து வந்து, சட்டிகளைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோட்டைக் கழற்றாமலே நடந்ததைச் சொல்லி முடித்தேன். அழவில்லை. கோபத்தில் இருந்தேன், அழுகை அதற்குப் பிறகுதான் வரிசையில் நின்றது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டி மூடியைக் கையில் வைத்தபடி, உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"வைனை ஆரும் காய்ச்சுவினமே?" என்றார். "அது கள்ளு மாதிரியெல்லோ. பிழிஞ்சு விட்டாத் தானா நுரைச்சுத் தானா அடங்கும். காய்ச்சினா அது வேற சாமான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்லக் கேள்வி."

இந்த இடத்தில் எங்கள் கலியாணப் பேச்சுப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா போட்டது ஒரே ஒரு நிபந்தனை, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. பெடியன் தேத்தண்ணிகூடக் கடுஞ்சாயமாகக் குடிக்கமாட்டான் என்று தரகர் சத்தியம் பண்ணினார். எட்டு வருடமாக நானும் அதை நம்பிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கேட்ட மனிதர் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு உதவி செய்யும் உற்சாகத்தில் தொடர்ந்தார். "விடியக் காலமை இறக்கின கள்ளுத் தேன் மாதிரி இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிச்சுப்போம். சூடுதான் அதுக்குச் சத்துரு. முட்டியை நிழலிலை வைச்சு ஈரச் சாக்கைச் சுத்திவிட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும்." பிறகு அதைக் குடிக்கும் பனையோலைப் பிளாவை எப்படி மடிப்பது, எந்தப் பக்கத்தை வாயில் வைத்தால் சட்டையில் ஊற்றாது என்பதையும் இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். குவித்த கை அப்படியே நிற்க, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல இறக்கினார்.

"அதுகும் சொல்லக் கேள்வியோ?"

"ஓம்," என்றார். "ஒருத்தன் விபரமாச் சொன்னவன்."

வேறு நாளாக இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் நடந்திருக்கும். ஆனால் எனக்கு வேறு அவசரம். சூடுதான் சத்துரு என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கீறியது முழுக்கவும் தலைகீழ். சூட்டை எங்கேயிருந்து கொண்டுவருவது என்று யோசித்திருந்தேன். சூடு சாற்றுக்குள்ளேயே பிறக்கிறது. அதை எப்படி வெளியே அனுப்புவது என்பதல்லவா கேள்வி. விசாரணையைத் தள்ளிவைத்தேன். தள்ளிவைத்தேனே தவிர மறக்கவில்லை.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போனேன். முதலிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். புத்தகம் அவர் சொன்னதையே பெரிய வார்த்தைகளில் சொன்னது. செப்டெம்பர், ஒக்டோபரில் திராட்சை வரும்; சாறு நுரைத்துச் சூடாகும்; சூடு மிஞ்சினால் வைன் கெடும். அதனால் ஆலைகள் பெரிய குளிரூட்டும் இயந்திரம் வைத்து, மின்சாரத்தை அள்ளிக் கொட்டுகின்றன. நுரைக்கும்போது ஒரு காற்றும் வரும், அது பாரமானது, நிலத்தோடு கிடந்து ஆளை மயக்கும், ஆகவே அதை வெளியேற்றக் கணுக்கால் உயரத்தில் விசிறி வேண்டும் என்றும் இருந்தது. இதை என் கணவர் சொல்லவில்லை. அவருக்குச் சொன்ன ஆள் திறந்த வெளியில் இருந்து சொல்லியிருப்பான்.

படித்தேன், கீறவில்லை. மூன்று நாள் வெறும் தாள். பெரிய இயந்திரம் ஒன்றை ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தப்பலாம், ஆனால் மனிதர் கேட்டது அதுவல்ல.

எங்கள் கட்டடத்தில் பனிக்காலத்தில் வெந்து சாகலாம். கீழே எங்கேயோ கொதிகலனை மூட்டினால் ஏப்ரல்வரை நிறுத்தமாட்டார்கள், எங்கள் அறையில் கூட்டிக் குறைக்கத் திருகும் கிடையாது. டிசம்பரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பெனியனோடு இருப்பார் என் கணவர். பிறிட்ஜோ சின்னது. ஆகவே எங்கள் மாடியில் எல்லாத் தமிழ் வீட்டுக்காரரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பின்னேரம் கறிச்சட்டிகளைப் பல்கனியில் வைப்போம். புறா கிளறாமல் மூடியில் ஒரு செங்கல். காலையில் உள்ளே எடுத்தால் சட்டி பகல் முழுக்கக் குளிர்ந்திருக்கும், அதுவும் வெறும் அலுமினியச் சட்டி இல்லை, கொழும்பிலிருந்து சுமந்து வந்த கனத்த இரும்புச் சட்டி.

நாலாம் நாள் காலை கணவர் அந்தச் சட்டியை உள்ளே தூக்கி வந்து, கை விறைத்துவிட்டது என்று முறைப்பாடு வைத்தார். நான் சட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகும் தொட்டுப் பார்த்தேன். இரவின் குளிரைச் சும்மா வாங்கி, கனத்த இரும்பில் சேமித்து, பகலில் செலவழிக்கிறோம். எந்த இயந்திரமும் இதில் வேலை செய்யவில்லை, ஒரு செங்கலைத் தவிர. அன்றைக்கு வேலைக்கு ஓடினேன். பனியில் இரண்டு தரம் வழுக்கினேன்.

நிலம் சரிவானது. முதல் படத்தில் அதை ஒரு தொல்லையாக நினைத்து, மட்டமாக வெட்டச் சொல்லியிருந்தேன். இப்போது சரிவை அப்படியே எடுத்துக்கொண்டேன். மேல் பாதையில் திராட்சை வந்திறங்கும். சாறு தன் பாரத்தில் தானே கீழிறங்கித் தாங்கிக்குப் போகும், தாங்கியிலிருந்து நிலவறைப் பீப்பாய்க்குப் போகும். பம்பு ஓடவேண்டியதில்லை. நிலவறையின் மூன்று பக்கத்தையும் மண்ணுக்குள் செருகினேன். போத்தல் கூடமும் அலுவலகமும் தெற்கே பார்த்தன. பனிக்காலச் சாய்ந்த வெயில் உள்ளே வரும், கோடை வெயிலைக் கூரை நீட்டம் மறிக்கும். நடுவில், காய்ச்சும் அறை இருந்த இடத்தில், தாங்கி அறை. சட்டியின் கனத்தை அதன் கொங்கிறீட் சுவருக்குக் கொடுத்து, சுவருக்கு வெளிப்பக்கம் கம்பளிபோலச் சூடுகாப்புப் போட்டேன். வடக்குச் சுவரின் அடியில் கையால் திருப்பித் திறக்கும் பலகைச் சட்டங்கள். அறுவடைக் காலத்தில் பின்னேரம் அவற்றைத் திறந்தால் இரவுக் குளிர் அடியால் வரும், சூடு மேலே ஏறிப் போகும், சுவர் குளிரைக் குடிக்கும். காலையில் பூட்டிவிடவேண்டும். குளிரூட்டும் இயந்திரமே வேண்டாம் என்று சவடால் விடவில்லை. சின்னதாக ஒன்று இருக்கட்டும், மோசமான நாளுக்கு.

மேலே ஏறும் சூடு எந்த வழியால் போகும்? ஒரு உயர்ந்த குழாய் வேண்டும். என் புகைபோக்கி அங்கேயே நின்றது. அதை அழிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் எங்களிடம் இல்லை. பழைய தாளில் வேண்டாததைச் சவர அலகால் சுரண்டி, அதன்மேல் புதியதைக் கீறுவோம். இரவு பகலாகச் சுரண்டினேன். முதலாளி பூதக்கண்ணாடியோடு வந்து, புகை இல்லாத புகைபோக்கியா என்று கேட்டுவிட்டு, தன் மீன்பிடித் தடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது நல்ல சகுனம் இல்லை.

இரண்டாம் தரம் அதே குசினி மேசை. முதலாளி தொண்டையைச் செருமிவிட்டு என்னைப் பார்த்தார், நீயே சொல் என்று. தோட்டக்காரரின் விரல் நடந்தது. பிழியும் இடத்திலிருந்து கீழே இறங்கியது, பம்பு எங்கே என்று கேட்டது, இல்லை என்றதும் இன்னொரு தரம் மேலிருந்து நடந்து வந்தது. பிறகு புகைபோக்கியில் நின்றது. இது இன்னும் இருக்கிறதே என்றார்.

நான் பல்கனிச் சட்டியைச் சொன்னேன். எனக்கு வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. செங்கல், புறா எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜனவரியில் இந்தக் குழாயால் குளிர் இறங்கி என் வைனை உறைய வைக்காதா என்று கேட்டார். பல்கனிக்குக் கதவு இருக்கிறது, இதற்கும் இருக்கிறது, இங்கே பாருங்கள் என்று மூடியைக் காட்டினேன். பின்னேரம் திறக்கவும் காலையில் பூட்டவும் யார் இருப்பார்கள் என்றார். கதவைப் பூட்டிச் சாவியை எடுக்கிறவர் யாரோ அவர் என்றேன். அது நான்தான் என்றார். அவருடைய மனைவி பாத்திரம் கழுவும் தண்ணீரை நிறுத்தாமலே, ஞாபகமாகச் செய்வாரா என்று கேளுங்கள் என்றார்.

பிறகு தோட்டக்காரர் வெட்டுமுகத் தாளைப் புரட்டினார். கட்டடத்தை நடுவால் வெட்டினால் எப்படித் தெரியும் என்று காட்டும் தாள் அது. அவருடைய விரல் அதில் இரண்டு தரம் தட்டியது. நான் எட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் சுரண்டிவிட்டு அந்த ஒரு தாளில் மட்டும் விட்டுவிட்டிருக்கிறேன். தாங்கி அறையின் நடுவில், என் அழகான பெரிய எழுத்தில், பொயிலிங்.

மன்னியுங்கள், இப்போதே சுரண்டிவிடுகிறேன் என்று கைப்பையில் அலகைத் தேடினேன். அவர் அந்த எழுத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார். முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் கையையும்.

கட்டி முடிந்தது அடுத்த வருடம் ஓகஸ்ட் கடைசியில். வாசலில் ஒரு பலகையில் முதலாளியின் பெயர் இருந்தது. சட்டப்படி முத்திரை குத்தியவர் அவர், அதனால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டிமுடித்ததால் என் பயம் முடியவில்லை. முதல் அறுவடை வெயிலில் வைன் கெட்டால் தோட்டக்காரர் எங்கள் எல்லாரையும் அந்த அறையிலேயே போட்டுக் காய்ச்சுவார் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் பகிடியாகச் சொன்னார், நான் அப்படிக் கேட்கவில்லை. செப்டெம்பர் நடுவில், போன கோடை ஏதோ மறந்துவிட்டுப் போனதை எடுக்க வந்ததுபோலத் திரும்பி வந்தது. ஒரு கிழமை நல்ல வெயில். என் கணவர் காலையில் எழும்பி வானொலியைப் போட்டு, இண்டைக்கும் சத்துரு வாறானாம் என்று அறிவிப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்கே ரெலிபோன் எடுத்தார். இன்றைக்கே வந்து பார், ரெலிபோனில் சொல்ல முடியாது என்றார். முதலாளி ஏரிக்குப் போயிருந்தார். எனக்கு அப்போது கார் ஓடத் தெரியாது. கணவர் மரியாதைக்கு ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு, எங்கள் பழைய காரில் என்னை ஏற்றினார். வழி முழுக்க வெயில். ஹமில்டன் பாலத்தில் நான் டோனட் கடைத் தொப்பியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பகிடிக்காரர் வானொலியை நிறுத்திவிட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தோட்டக்காரர் எங்களை உள்ளே கூட்டிப்போனார். போத்தல் கூடத்தைக் கடந்து, தாங்கி அறையின் கனத்த கதவைத் தள்ளினார். நான் கதவைப் பார்க்கவில்லை, உள்ளே ஓடினேன். சாறு நுரைக்கும் சத்தம், புளிப்பும் இனிப்புமான மணம், கணுக்கால் உயரத்தில் விசிறி ஓடும் சத்தம். மூலையில் சின்னக் குளிரூட்டி சும்மா நின்றது. அன்றைக்கு இன்னும் அதைப் போடவில்லை என்றார் அவர். உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். பல்கனிச் சட்டி. வெளியே வியர்த்துவிட்டு வந்தவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

இதைத்தான் ரெலிபோனில் சொல்ல முடியாது என்றேன், நீ தொட்டுப் பார்க்கவேண்டும் என்றார். ஒவ்வொரு பின்னேரமும் தானே திறந்து, காலையில் தானே பூட்டுவதாகவும், ஒரு நாள்கூட மறக்கவில்லை என்றும் சத்தமாகச் சொன்னார். கூடத்தில் நின்ற மனைவிக்குக் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

தாங்கியிலிருந்து பாதி நுரைத்த சாறு கொஞ்சம் இரண்டு கிளாசில் பிடித்து நீட்டினார். என் கணவர் மரியாதையாக, நாங்கள் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தள்ளிவைத்த விசாரணை எனக்கு ஞாபகம் வந்தது. வாங்குங்கோ, சொல்லக் கேட்டது சரியோ எண்டு பாருங்கோ என்றேன். நானும் ஒன்றை எடுத்தேன். அது என் முதல் மிடறு. புளித்தது, நாக்கில் குத்தியது, முகத்தைச் சுளித்தேன். கணவர் காம்பில்லாத அந்தச் சின்னக் கிளாசை இரண்டு கையாலும் குவித்துப் பிடித்து, நுரையை ஓரமாக ஊதி ஒதுக்கிவிட்டு, ஒரே இழுப்பில் குடித்தார். ஒரு சொட்டும் சட்டையில் ஊற்றவில்லை. விசாரணை அதோடு முடிந்தது. தீர்ப்பை இன்னும் சொல்லவில்லை, முப்பது வருடமாகக் கையில் வைத்திருக்கிறேன்.

வெளியே வரும்போது கணவர் கதவடியில் நின்றுவிட்டார். "இஞ்சாரும், இங்கை வாரும்," என்றார்.

கதவில் பித்தளைத் தகடு. எழுத்து அச்சு எழுத்தல்ல. என்னுடைய தாளிலிருந்து அப்படியே எடுத்து, நான் கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டுவதைக்கூட விடாமல் வெட்டியிருந்தார்கள். பொயிலிங். அந்தக் கட்டடத்திலேயே குளிர்ந்த அறை.

தோட்டக்காரர் தகட்டைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, தன்னுடைய ஆட்களெல்லாம் அறையை அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். வாசல் பலகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை ஒரு தரம் வாசித்து, பிறகும் ஒரு தரம் வாசித்தார். பகிடி ஏதோ வருகிறது என்று நினைத்தேன்.

"உம்மட பேரைப் போட்டிருக்கிறாங்கள்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே நல்ல குளிர் என்று சொல்லி, அவருடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.